ஊன்றுகோலும் உந்துகோலும்

புறநானூற்றுப் புலவர்களுள் ஒருவர்க்கு அவர் கையிலிருந்த கோலே பெயராக அமைந்துவிட்டது. தொடித்தலை விழுத்தண்டினார் என்று தமிழுலகம் அவரை அறியும். பூண் அணிந்த பெரிய கோலை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கிடையே சில சொற்களைப் பேசும் முதுமையில் நின்று, நீர்த்துறையில் பாய்ந்து விளையாடிய தம் இளமையை அவர் நினைக்கிறார். மரக்கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து கரையிலிருந்தோர்க்குக் காட்டிய கை, இப்பொழுது கோலைப் பற்றியிருக்கிறது. முதுமை தரும் துயரங்கள் பல. அவற்றுள் மிகக் கூர்மையானது, விளையாட்டு தம்மைவிட்டுப் போய்விட்டது என்று ஒருவர் உணரும் துயரம். அதனாலன்றோ நூற்றாண்டுகள் பல கடந்தும் அப்புலவரின் ஏக்கம் படிப்போர் நெஞ்சைத் தொடுகிறது!

விளையாட்டு முதியவரைவிட்டுத் தானே விலகிப் போகிறதா? அல்லது, முதியவர்தாம் அதைக் கைவிடுகிறாரா? இவ்வினாவுக்கு விடை தேட விரும்புவோர், முதுமைக்குச் சற்றும் இரக்கம் காட்டாத ஒரு நிலத்தையும் பருவத்தையும் நோக்குதல் நலம். அந்நிலம் வடபுலத்துப் பனிநிலம். அப்பருவம் அங்குள்ள குளிர்காலம்.

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி என்றும் பின்பனி என்றும் பெயரிட்டனர். ஆனால், தமிழகத்து வயல்வெளி அறிந்த பனி, புல்நுனியில் முத்தாக நின்று, கதிரவனைக் கண்டதும் மறையும் பனி. நார்வே, ஸ்வீடன், கனடா, வடசப்பான் ஆகிய இடங்களின் பனியோ வெண்பஞ்சு போல வானிலிருந்து கொட்டி, மாதக்கணக்கில் நிலத்தை மூடி, ஏரிகளைக் கல்லாக்கி, வழிகளை மறைத்துவிடும். அதில் கால் வைத்தால் முழங்கால்வரை புதையும். அத்தகைய நிலத்தில் வாழ்ந்த மனிதன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. வசந்தம் வரும்வரை அடுப்பருகே முடங்கிக் கிடக்கலாம். இல்லையேல், பனியின்மேல் நடக்க ஒரு வழி காணலாம். அவன் வழியைக் கண்டான். நீண்ட மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனியின்மேல் சறுக்கிச் சென்றான்.

இக்கலை மிகப் பழையது. ஸ்வீடன் நாட்டின் வடபகுதியில் கால்வ்திரெஸ்க் என்னும் ஊரருகே, 1924ஆம் ஆண்டு சதுப்பு நிலத்திலிருந்து சறுக்குப் பலகைகள் சில வெளிப்பட்டன. அவை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். அவற்றோடு ஒரு கோலும் கிடைத்தது. அதன் ஒரு முனை அகப்பை போல அகன்றிருந்தது. பண்டைக் காலத்தில் பனியில் சறுக்கியோர் பலர் ஒற்றைக் கோலையே பயன்படுத்தினர். கைக்கு ஒன்றாக இரண்டு கோல்களை ஊன்றி உந்திச் செல்லும் வழக்கம் பிற்காலத்தில்தான் பரவியது. ஆகவே, பனிநிலத்து வீரன் கையிலும் தமிழ்ப் புலவர் கையிலும் இருந்தது ஒரே வகைப் பொருள்தான். ஒருவர் அதனை ஊன்றி நின்றார். மற்றவர் அதனை ஊன்றி முன்னே சென்றார்.

பனிச்சறுக்கு என்றதும் செங்குத்தான மலைச்சரிவில் அம்பு போலப் பாயும் இளைஞரின் உருவமே பலர் மனத்தில் எழும். அது பனிச்சறுக்கின் ஒரு வகை மட்டுமே. காட்டுவழியிலும் சமவெளியிலும் மெல்லிய மேடு பள்ளங்களிலும் நெடுந்தொலைவு சறுக்கி நடக்கும் மற்றொரு வகை உண்டு. அதற்குரிய பலகை நடுவில் சற்றே வளைந்து, வில் போல மேல்நோக்கி நிற்கும். ஒரு காலில் உடலின் எடை முழுவதையும் வைத்து அழுத்தும்போது, பலகையின் நடுவில் பூசிய மெழுகு பனியைப் பற்றிக்கொள்ளும். எடை மற்றக் காலுக்கு மாறியதும் பிடி விட்டுப் பலகை வழுக்கிச் செல்லும். பற்றுதல், விடுதல், சறுக்குதல் என்னும் இவ்வொழுங்கிலேயே அக்கலை முழுவதும் அடங்கியிருக்கிறது. இதில் காலும் கையும் முதுகும் தோளும் ஒருங்கே உழைக்கின்றன. ஓடும்போது பாதம் தரையில் மோதுவதால் மூட்டுகளுக்கு ஏற்படும் அதிர்ச்சி இதில் மிகக் குறைவு. முதியவர்க்கு இவ்விளையாட்டு ஏற்றதாக விளங்குவதன் முதற்காரணம் இதுவே.

நார்வே மக்கள் இதனை ஒரு விளையாட்டாக மட்டும் கருதுவதில்லை. திறந்த வெளியில், இயற்கையின் மடியில் வாழும் வாழ்வை அவர்கள் ‘ஃபிரிலுஃப்ட்ஸ்லீவ்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். நாடகப் பேராசிரியர் ஹென்ரிக் இப்சன் 1859இல் எழுதிய ஒரு கவிதையில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. பிள்ளைப் பருவத்தில் கால்பழகிய வழியிலேயே பேரனோடு செல்லும் பாட்டனை அங்கே காண்பது அரிதன்று.

அந்நாட்டின் தெலமார்க் பகுதியில், மோர்கெடால் என்னும் சிற்றூரில் 1825இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சொண்ட்ரே நோர்ஹைம். இக்காலப் பனிச்சறுக்கின் தந்தை எனப் போற்றப்படுபவர் அவர். இன்று ஒஸ்லோ எனப்படும் தலைநகரில் 1868இல் நடந்த போட்டியில் இளைஞர்களை வென்று அவர் பரிசு பெற்றபோது, அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பின்னர், தம் ஐம்பத்தெட்டாம் வயதில், 1884இல், குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் இறுதியாகத் தங்கிய வட டகோட்டா மலையற்ற புல்வெளி நாடு. சறுக்கிப் பாயச் சரிவுகள் இல்லாத மண். ஆயினும், அவர் வீட்டு வாயிலருகே சறுக்குப் பலகைகள் எப்பொழுதும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1897இல் அவர் மறைந்தார். அந்தப் பலகைகளைப் பரணில் ஏற்றிவிட அவருக்கு மனம் வரவில்லை. வாயிலருகே இருப்பது என்றேனும் எடுக்கப்படும். பரணில் ஏறியது மறக்கப்படும்.

உடல்நூலார் ஆய்வும் இவ்வுண்மைக்குத் துணை நிற்கிறது. வயது ஏற ஏற, கடும் உழைப்பின்போது உயிர்வளியை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றல் உடலில் குறைந்துகொண்டே வரும். படியேறினால் மூச்சு வாங்குவதும், கடைக்குப் போய்த் திரும்பினால் களைத்துப் போவதும் அதன் விளைவுகளே. வாழ்நாள் முழுவதும் நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் ஈடுபட்ட ஸ்வீடன் நாட்டு முதியவர் ஒன்பதின்மரை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவர்களுடைய சராசரி வயது எண்பத்தொன்று. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு 38 மில்லிலிட்டர் உயிர்வளியை அவர்களின் உடல் ஏற்றது. பயிற்சியில்லாத அதே வயதினர்க்கு இவ்வளவு 21 மில்லிலிட்டராகவே இருந்தது. ஆராயப்பட்டோர் சிலரே, இயல்பிலேயே உடல்நலம் வாய்த்தவர்களால்தான் எண்பது வயதுவரை விளையாட முடிந்தது என்று வாதிடவும் இடமுண்டு. எனினும், முதுமையின் பெயரால் இழந்ததாகக் கருதப்படும் ஆற்றலில் ஒரு பகுதி, உண்மையில் பயன்படுத்தாமையால் இழந்ததே என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

வாழ்ந்து காட்டிய சான்றும் உண்டு. ஹெர்மன் ஸ்மித் ஜோஹான்சன் நார்வே நாட்டின் ஹோர்ட்டன் நகரில் 1875இல் பிறந்த பொறியியலாளர். வட அமெரிக்காவுக்கு வந்து, எந்திரங்களை விற்கும் தொழிலில் ஈடுபட்டார். பனிக்காட்டு வழிகளில் சறுக்கிச் செல்லும் அவரது விரைவைக் கண்ட கிரீ பழங்குடி மக்களே அவருக்குக் காட்டு முயலின் பெயரைச் சூட்டினர் என்பர். ‘ஜாக்ராபிட்’ என்னும் அப்பெயரே கனடா நாடெங்கும் நிலைத்துவிட்டது. 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார வீழ்ச்சியில் அவரும் செல்வத்தை இழந்தார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் அந்நிலையில் சோர்ந்து அமர்ந்திருந்தால் உலகம் குறை கூறியிராது. அவரோ கோடரியை எடுத்துக்கொண்டு கியூபெக் மாநிலத்து லோரன்சிய மலைக்காடுகளுள் நுழைந்து, பிறர் சறுக்கிச் செல்ல வழிகளை வெட்டினார். ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமுள்ள மேப்பிள் இலைத் தடம் அவ்வாறு உருவானதே. 1972இல் கனடா அரசு அவருக்கு உயரிய விருது வழங்கியது. நூறு வயதைக் கடந்தும் அவர் சறுக்குப் பலகையைவிட்டு இறங்கவில்லை. 1987ஆம் ஆண்டு, தாம் பிறந்த நார்வே மண்ணில், தம் நூற்றுப் பதினோராம் வயதில் மறைந்தார். கனடாவில் சிறுவர்க்குப் பனிச்சறுக்குப் பழக்கும் திட்டம் அந்த முதியவர் பெயரையே தாங்கியுள்ளது.

இவற்றைக் கேட்டு, முதுமையைப் பொருட்படுத்தாமல் மலைமேல் ஏறிவிடலாம் என்று எவரும் கருதிவிடக் கூடாது. குளிர் முதியவர்க்குப் பகைவனாகவும் மாறவல்லது. கடுங்குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்கும். குருதி அழுத்தம் உயரும். இதயத்தின் சுமை கூடும். முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுவதால், உடல் நீரை இழப்பது தெரியாமற் போகும். எலும்பு முறிந்தால் கூடுவதற்கு நாளாகும். எனவே, அறிந்தோர் முதலில் மருத்துவரைக் கண்டு உடல்நிலையைத் தெரிந்துகொள்வர். தடித்த ஓர் ஆடைக்கு மாறாக மெல்லிய ஆடைகள் பலவற்றை அடுக்கி அணிவர். உடல் சூடேறும்போது ஒன்றைக் கழற்றவும், நிற்கும்போது மீண்டும் போடவும் அது வசதியாகும். வியர்வையில் நனைந்தால் விரைவில் உலராத பருத்தியைத் தவிர்த்துக் கம்பளியை உடலோடு ஒட்டி அணிவர். தாகம் எடுக்குமுன்னரே வெந்நீர் பருகுவர். தனியே செல்லாமல் துணையோடு செல்வர். களைப்பு வருமுன் திரும்புவர். விபத்துகள் பல, கால் தளர்ந்த நேரத்தில், ‘இன்னும் ஒருமுறை’ என்னும் ஆசையால் விளைபவை என்பதை அவர்கள் அறிவர்.

இளமையில் செய்ததை இளமையில் செய்தவாறே செய்ய முடியாத நாள் வரத்தான் செய்யும். அந்நாளில், வேறொரு வகையில் அதனைச் செய்யும் அறிவே வேண்டப்படுகிறது. செங்குத்துச் சரிவை விட்டவர் மெல்லிய சரிவுக்கு வருகிறார். அதையும் விட்டவர் காட்டுவழியில் சறுக்கி நடக்கிறார். சறுக்க இயலாதவர் அகன்ற சட்டங்களைக் காலணியின் கீழ்க் கட்டிக்கொண்டு பனியில் நடைபோடுகிறார். நடை தளர்ந்தவர்க்கும் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் ஒரு வண்டி உண்டு. நீண்ட இரண்டு எஃகுப் பட்டைகளின்மேல் ஒரு நாற்காலியைப் பொருத்தியது போன்றது அது. அதன் பின்புறக் கைப்பிடியைப் பற்றி, ஒரு காலைப் பட்டையில் ஊன்றி, மறு காலால் உதைத்துச் செல்வர். பாட்டிமார் அதில் கடைக்குச் சென்று, வாங்கிய பொருளை அந்த இருக்கையில் வைத்துத் திரும்புவர். களைத்தால் அதிலேயே அமர்வர். ஊன்றுகோலாகவும் ஊர்தியாகவும் இருக்கையாகவும் விளையாட்டுப் பொருளாகவும் அது ஒருங்கே உதவுகிறது.

நார்வேயில் 1932ஆம் ஆண்டு தொடங்கிய பிர்க்கெபைனர் ஓட்டமும் இவ்வறிவின் வழிப்பட்டதே. 1206ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது, குழந்தையாக இருந்த இளவரசனைப் பனிமலை வழியே வீரர்கள் காத்துக் கொண்டுசென்றதன் நினைவாக அது நடைபெறுகிறது. ரேனா என்னும் ஊரிலிருந்து லில்லெஹாமர் வரை 54 கிலோமீட்டர் தொலைவை, அக்குழந்தைக்கு ஈடாக மூன்றரைக் கிலோ சுமையை முதுகில் தாங்கிக் கடக்க வேண்டும். முதியோரின் ஓட்டநேரம் அவரவர் வயதுப் பிரிவினரோடுதான் ஒப்பிடப்படும். அறுபது வயதினர் இருபது வயதினர்க்குத் தோற்றுவிட்டதாக அங்கே எவரும் வருந்த வேண்டுவதில்லை.

இக்கருத்துக்கு மிகச் சிறந்த விளக்கமாக அமைவது சப்பான் நாட்டில் வாழ்ந்த ஒரு தந்தையின் கதையும் மகனின் கதையும் ஆகும்.

மகன் யூயிச்சிரோ மியூரா 1932இல் பிறந்தவர். 1970ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், எவரெஸ்ட் மலையில் ஏறத்தாழ எட்டாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து, விரைவைத் தணிக்க முதுகில் ஒரு வான்குடையைக் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் பாய்ந்தார். இடையில் நிலை தடுமாறி விழுந்து, பனியில் உருண்டு, பெரும் பிளவுக்குச் சற்று முன்னே உயிரோடு நின்றார். அப்பயணத்தைக் காட்டிய ஆவணப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. ஆனால், அம்முயற்சிக்காகச் சுமை தூக்கிய ஷெர்ப்பாக்கள் அறுவர் பனிச்சரிவில் சிக்கி உயிர் துறந்தனர். புகழின் கணக்கை எழுதுவோர் இதனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உலகப் புகழ் பெற்ற பின் ஆண்டுகள் உருண்டன. பயிற்சி குறைந்தது, உணவும் மதுவும் மிகுந்தன. அறுபது வயதைக் கடந்த மியூராவின் உடல் பருத்தது. குருதி அழுத்தம் கூடியது. எவரெஸ்ட் சரிவில் பாய்ந்த அவர், சப்போரோ நகரை ஒட்டிய, 531 மீட்டர் உயரமே உள்ள மொய்வா என்னும் குன்றில் ஏற முடியாமல் மூச்சுத் திணறி நின்றார். கோலூன்றி நின்ற புலவரின் நிலை அதுதானே!

அவருடைய தந்தை கெய்சோ மியூரா 1904இல் பிறந்தவர், வனத்துறைப் பணியாளர், பனிமலைகளைப் படம் எடுப்பதில் வல்லவர். உலகம் வியக்கும் பாய்ச்சல் எதனையும் அவர் செய்ததில்லை. நாள்தோறும் நடந்தார், நாள்தோறும் உடற்பயிற்சி செய்தார், குளிர்காலந்தோறும் பனிச்சறுக்கை விடாது தொடர்ந்தார். மகன் குன்றின் அடியில் தளர்ந்து நின்ற காலத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டிய தந்தை, தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில் சறுக்க வேண்டும் என்னும் குறிக்கோளோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

தந்தையைக் கண்ட மகன் நாணினார். நாணம் முயற்சியாக மாறியது. கணுக்காலில் எடைகளைக் கட்டி, முதுகில் சுமையேற்றி, நகரத் தெருக்களில் நடக்கத் தொடங்கினார். முதலில் சிறு தொலைவு, பின்னர்ச் சிறு குன்று, அதன்பின் பெருமலை. 2003ஆம் ஆண்டு இருவர்க்கும் பொன்னாண்டாக மலர்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் தந்தை, தொண்ணூற்றொன்பது வயதில், மோன் பிளாங்க் மலையின் வெள்ளைப் பள்ளத்தாக்கில் சறுக்கி இறங்கினார். மே மாதம் மகன், எழுபது வயதில், எவரெஸ்ட் உச்சியில் நின்றார். மறுஆண்டு, நூறு வயது நிறைந்த தந்தை, நான்கு தலைமுறையினர் புடைசூழ அமெரிக்க மலையொன்றில் சறுக்கி மகிழ்ந்தார். 2006இல், நூற்றொரு வயதில், நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார்.

மகனின் வழி அதன்பின்னும் எளிதாக இருக்கவில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டு மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. 2009இல் பனிச்சறுக்கின்போது இடுப்பெலும்பு முறிந்தது. எனினும் 2008இல் எழுபத்தைந்து வயதிலும், 2013இல் எண்பது வயதிலும் அவர் மீண்டும் எவரெஸ்ட் ஏறினார். இறுதிமுறை மலையின் கீழ்ப்பகுதியைத் தம் காலால் இறங்கிக் கடக்க இயலாமல் ஹெலிகாப்டரில் திரும்பினார். அதனை அவர் மறைக்கவும் இல்லை. 2020இல் முதுகந்தண்டில் குருதி உறைந்து கைகால்கள் தளர்ந்தன. 2023ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதில், குடும்பத்தினரும் நண்பர்களும் சக்கர நாற்காலியை இழுத்துத் துணைசெய்ய, ஃபூஜி மலையின் உச்சியை அடைந்தார். ஒருகாலத்தில் தனியே பாய்ந்த மனிதர், பலர் கைகளின் துணையோடு ஏறினார். இரண்டாவது பயணம் முதலாவதைவிடச் சிறியது என்று சொல்ல எவர்க்கு மனம் வரும்?

தந்தையும் மகனும் உணர்த்துவது ஒன்றே. உச்சியைத் தொட்டவன் எல்லாம் முடிந்தது என்று அமர்ந்துவிட்டால், சிறு குன்றும் அவனை மறுத்துவிடும். சிறிதளவேனும் நாள்தோறும் தொடர்ந்தவனுக்கு, நூறு வயதிலும் மலை வழிவிடும். அவ்வழி அகலமாக இராது. விரைவாகக் கடக்கவும் முடியாது. ஆயினும் அது வழியே.

விரைவு குறைந்தால் இன்பம் குறையும் என்பதும் உண்மையன்று. அம்பாகப் பாயும் இளைஞன் காண்பது தன் முன்னுள்ள சரிவை மட்டுமே. மெல்லச் செல்லும் முதியவர், இரவில் ஓடிய முயலின் அடிச்சுவட்டைப் பனியில் படிக்கிறார். ஊசியிலை மரத்திலிருந்து பனிக்குவியல் ஓசையின்றிச் சரிவதைப் பார்க்கிறார். பலகையின் கீழ்ப் பனி எழுப்பும் ஒலியைக் கேட்டே அது புதிய பனியா, உருகி இறுகிய பனியா என்று அறிகிறார். தம் முச்சையும் அதன் எல்லையையும் அறிந்து செல்கிறார். வீடு திரும்பிக் கையுறையைக் கழற்றிச் சூடான பானத்தை ஏந்தும்போது, அன்றைய பொழுது வீணாகவில்லை என்னும் நிறைவு அவருக்கு உண்டு.

பனியே காணாத மலேசிய, சிங்கை மண்ணில் வாழ்வோர்க்கும் இச்செய்தி அயலானதன்று. பணி ஓய்வு பெற்ற நாளோடு பூப்பந்து மட்டையை அலமாரியின்மேல் வைத்துவிட்ட ஆசிரியர்கள் ஊர்தோறும் உண்டு. அம்மட்டை வாயிலருகே இருக்கலாம். ஆட்டம் அரைமணி நேரமாகச் சுருங்கலாம். அதுவும் இயலாத நாளில் திடலைச் சுற்றி நடக்கலாம்.

தொடித்தலை விழுத்தண்டினார் மீண்டும் மரக்கிளை ஏறி மடுவில் பாய்ந்திருக்க முடியாது. ஆனால், அவர் கையிலிருந்த கோல் அத்துறைவரை அவரை அழைத்துச் சென்றிருக்கும். படியில் அமர்ந்து கால் நனைக்கத் துணைசெய்திருக்கும். கோல் நிற்பதற்கும் உதவும், செல்வதற்கும் உதவும். எதற்கு என்பதை முடிவு செய்வது, அதனைப் பிடித்திருக்கும் கை.